வேலை போனால் வீடும் போகும்: மலையகத் தோட்டங்களில் ஒழுக்காற்று வேலைநீக்கம்



ஹற்றனில் நின்று தொழிற்சட்டம் பேசுவது ஒரு பேறு. கோ. நடேசையர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை 1931இல் தொடங்கியது இந்த ஊரில்தான். தொழிலாளிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் அவன் பேசும் தமிழிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத்தாலும் மேடையாலும் ஓயாமல் உழைத்தவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஓர் எழுதுவினைஞர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அவர் சம்பளத்தை இழக்கிறார். தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தோட்டத் தொழிலாளி நீக்கப்பட்டால் சம்பளத்தோடு, தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவும் கேள்விக்குள்ளாகிறது. வாசலில் போட்ட மரக்கறிப் பாத்தி, மாட்டுக் கொட்டில், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், திருவிழாவில் குடும்பத்துக்குரிய உபயம் எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் தொங்குகின்றன. ஆகவே இங்கே ஒழுக்கக்கேட்டுக்காக ஒருவரை நீக்குவது நியாயமா என்று அளக்கும்போது இந்த முழு இழப்பையும் தராசில் வைக்க வேண்டும். அப்படி வைப்பதற்கு நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

சிறைக்கு அனுப்பிய சட்டம்

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலைக்கு வராமை, குடிபோதை, கீழ்ப்படியாமை, அவமரியாதையான பேச்சு, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போதல் ஆகியவை நீதவான் விசாரிக்கும் குற்றங்களாக இருந்தன. சம்பளம் பறிமுதலானது, சிறைத்தண்டனையும் கிடைத்தது. இன்று ஒரு முகாமையாளர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துவிடும் தவறுகளுக்கு அன்று தொழிலாளி சிறைக்குப் போனார்.

அந்தக் காலத்துத் தோட்ட முகாமையாளர்களான துரைமாருக்குத் தொழிலாளியைத் தக்க வைப்பதுதான் பெரும் கவலை. பெரிய கங்காணியிடம் பட்ட கடனும், அந்தக் கடனைத் தீர்த்தால் ஆள்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டும் சேர்ந்து தொழிலாளியைக் கட்டிப் போட்டன. 1920களின் தொடக்கத்தில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறையிலிடும் விதிகளும் நீங்கின. அதன் பிறகு தண்டனையின் பாரம் வேலைநீக்கத்தின் மேல் ஏறியது. வேலை முடிந்தது என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். மலையகத்தார் பத்துச்சீட்டு என்று அச்சத்தோடு சொன்னது இதைத்தான். ஏன் நீக்கினாய் என்று துரையைக் கேட்க எந்த மன்றமும் இருக்கவில்லை.

இந்த நிலையின் கடுமையை ஒரு வெள்ளைக்காரரின் கதை காட்டுகிறது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பயிற்சி பெற்றவர். தொழிலாளர் பக்கம் நின்றார் என்பதற்காகத் தோட்டம் அவரை விலக்கியது. 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். ஆள்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில், அந்த ஆணை செல்லாது என்று கூறி அவரை விடுவித்தது. தேசாதிபதியின் ஆணையையே செல்லாததாக்கிய நீதிமன்றத்தாலும் அவருடைய வேலையைத் திருப்பித் தர முடியவில்லை. அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை. வருவதற்கான சட்டமும் கிடையாது. துரை வர்க்கத்தைச் சேர்ந்தவருக்கே அந்த நிலை என்றால், செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் ஒரு பெயராக மட்டும் இருந்தவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். வாதாடிப் பெறும் வழி அடைபட்டிருந்தபோது தொழிலாளி உயிரைக் கொடுத்துக் கேட்டார்.

1957: திறந்த கதவு

கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950இல் 43ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ஆனால் தனியொரு தொழிலாளி நேரே போய் முறையிடும் இடத்தை உருவாக்கியது 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். பண்டாரநாயக்க அரசில் ரி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. அந்தத் திருத்தம் தொழில் நியாய சபைகளை நிறுவியது. பிரிவு 31ஆ இன்படி, நீக்கப்பட்ட தொழிலாளி தானாகவோ தான் அங்கம் வகிக்கும் தொழிற்சங்கத்தின் வழியாகவோ நிவாரணம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதை மீறி நிவாரணம் வழங்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. பிரிவு 31இ, நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றும் கட்டளையைப் பிறப்பிக்கும் கடமையைச் சபையின் தலைவர் மீது சுமத்துகிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகள் சபையைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதன் பெருமையை உணர உலகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிரான உரிமையைப் பிரித்தானியா சட்டமாக்கியது 1971இல். இந்தியத் தொழில் தகராறுச் சட்டத்தில், தனிநபர் வேலைநீக்கத்தைத் தொழில் தகராறாகக் கொள்ளும் 2அ பிரிவு 1965இல் சேர்ந்தது. தண்டனையின் அளவை மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழங்கிய 11அ பிரிவு 1971இல் வந்தது. நம்மை ஆண்ட நாட்டுக்கும் நம் அயல் நாட்டுக்கும் முன்பே இலங்கை இந்தக் கதவைத் திறந்துவிட்டது.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. வாக்குச்சீட்டு அவர்களிடம் இல்லை. ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் வரைவிலக்கணம் தொழிலாளியிடம் குடியுரிமையைக் கேட்கவில்லை. வேலை செய்தாரா என்று மட்டுமே கேட்டது. பாராளுமன்றத்துக்கு ஆளனுப்ப முடியாத ஒரு பெண், தன்னை நீக்கிய கம்பனியைத் தொழில் நியாய சபையில் நிறுத்தி விளக்கம் கேட்க முடிந்தது. மலையகத்தின் உரிமை வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

குற்றமும் அதன் நிரூபணமும்

தோட்டங்களில் எழும் ஒழுக்காற்றுக் குற்றச்சாட்டுகள் நாம் அறிந்தவைதான். கொழுந்தைத் திருடி வெளியே விற்றது, மரம் வெட்டி விறகு கொண்டு போனது, கணக்கப்பிள்ளையை ஏசியது, கண்டக்டர் மீது கை வைத்தது, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கொடுத்த வேலையை மறுத்தது, நிறுவையில் குழப்பம் செய்தது, சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றது. இவற்றில் சில உண்மையிலேயே கடுமையானவை. மலையில் தனியாக நின்று வேலை வாங்கும் ஓர் உத்தியோகத்தர் அடி வாங்கினால் அவருக்கும் குடும்பம் உண்டு. அவரைப் பாதுகாக்காத நிர்வாகம் நடக்காது. தொழிலாளியின் பக்கம் பேசுவோர் இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நம் வாதத்துக்கு வலு வரும்.

சட்டம் கேட்பது நிரூபணத்தை. வேலையிலிருந்து நீக்கியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அதை நியாயப்படுத்தும் சுமை நிர்வாகத்தின் மேல் விழும். அது முதலில் சாட்சியத்தைத் தர வேண்டும். திருட்டு போன்ற குற்றத்தன்மை கொண்ட குற்றச்சாட்டானாலும் நிகழ்தகவின் எடைப்படி நிரூபித்தால் போதும், குற்றவியல் வழக்கில் உள்ளதுபோல நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை என்று அசோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் எதிர் ஜயசிங்க வழக்கில் 1982இல் தீர்ப்பானது. ஆகவே பொலிஸ் வழக்கில் விடுதலை ஆனால் வேலையும் திரும்பும் என்று தொழிலாளி நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி வழிகள்.

தேயிலை, இறப்பர்த் தோட்டக் கம்பனியொன்று கட்சியாக இருந்த கலிடோனியன் எதிர் ஹில்மன் வழக்கில் 1977இல் நீதியரசர் சர்வானந்தா எழுதிய தீர்ப்பை இன்றும் எல்லா மன்றங்களும் எடுத்தாளுகின்றன. சபையின் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு சட்டப் பிரச்சினையில் மட்டுமே நிற்கும். சாட்சியத்தோடு பொருந்தாத முடிவுக்குச் சபை வந்திருந்தால் அதுவும் சட்டப் பிரச்சினையாகிவிடும் என்பது அதன் சாரம். தொழிலாளிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உண்மை எது என்பது முதல் மன்றத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அங்கே சாட்சி சொல்லாதவருக்கு மேலே போய்ப் பயனில்லை.

வேலைக்கு வராமல் நின்றவர் வேலையைத் தானே கைவிட்டார் என்ற வாதம் தோட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ஊரில் சாவு, கொழும்பில் மகளின் பிரசவம், ஆஸ்பத்திரியில் நெடுநாள். திரும்பி வந்தால் செக்ரோலில் பெயர் இல்லை. ஆள் வராமல் நின்றது மட்டும் போதாது, திரும்பி வரக் கூடாது என்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்று நம் மேல் மன்றங்கள் கூறியிருக்கின்றன. திரும்பி வந்து பிரட்டுக்களத்தில் நிற்பவரிடம் அந்த எண்ணம் இல்லை என்பது கண்கூடு. அவருக்கு வேலை கொடுக்க மறுத்தால் அது நிர்வாகம் செய்த வேலைநீக்கம்.

ஒபிஸ் விசாரணை

சபைக்குப் போகும் முன் தோட்டத்து ஒபிஸில் ஒரு விசாரணை நடக்கும். உள்ளக விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று இலங்கைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தொழில் நியாய சபை எல்லாவற்றையும் புதிதாக விசாரிக்கும். ஆனாலும் விசாரணையே இல்லாமலோ பேருக்கு நடத்தியோ நீக்கினால், நீதியும் ஒப்புரவும் பார்க்கும் சபை அதைக் கணக்கில் எடுக்கும்.

பேருக்கு நடக்கும் விசாரணை எப்படி இருக்கும்? குற்றப்பத்திரம் ஆங்கிலத்தில் வரும். எந்த நாள், எந்த மலை, எத்தனை கிலோ என்று இராது. நிர்வாகத்தின் நம்பிக்கைக்கு மாறாக நடந்தீர் என்று மட்டும் இருக்கும். பதில் எழுத ஓரிரு நாள் அவகாசம். குற்றம் சாட்டியவரே பக்கத்தில் அமர்ந்திருப்பார். முடிவில் வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கப்படும். பிறகு சபையில் அந்தத் தாள் தொழிலாளிக்கு எதிராக நீட்டப்படும்.

வெருவந்த செய்யாமை அதிகாரத்தைத் தொடங்கும்போது வள்ளுவர் ஆட்சியாளரிடம் மூன்றைக் கேட்கிறார்: நடந்ததை உள்ளபடி ஆராய வேண்டும், அதே குற்றம் திரும்ப நடவாதபடி பார்க்க வேண்டும், தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். இன்றைய தொழிற்சட்டம் முதலாளியிடம் கேட்பதும் இந்த மூன்றையே. முதலாவது விசாரணையைப் பற்றியது. மூன்றாவது தண்டனையின் அளவைப் பற்றியது. மலையகத்தில் நாம் அதிகம் தவறுவது இந்த மூன்றாவதில்தான்.

தண்டனையின் அளவு

குற்றம் நிரூபணமானாலும் கேள்வி முடிவதில்லை. அந்தக் குற்றத்துக்கு வேலைநீக்கம் தகுமா? முன்பு எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? எத்தனை ஆண்டுச் சேவை? கோபமூட்டிய காரணம் ஏதும் இருந்ததா? இதே தவறைச் செய்த மற்றவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்? இவற்றைக் கேட்காத கட்டளை நீதியும் ஒப்புரவும் ஆகாது.

இந்தப் பட்டியலில் குடியிருப்பும் இருக்க வேண்டும் என்பது என் வாதம். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் (சிறப்பேற்பாடுகள்) சட்டம், வேலை முடிந்தவரிடமிருந்து தோட்ட வீட்டை மீட்கத் தனி வழியைத் தோட்டத்துக்குத் தருகிறது. சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கான உறுதியும் கிடைத்த குடும்பங்கள் சில உண்டு. லயத்தில் உள்ள பெரும்பாலோருக்குக் காம்பரா இன்னும் தோட்டத்துடையதே. அப்படியானால் அடுப்புக்கு விறகு வெட்டியவருக்குக் கொடுக்கும் வேலைநீக்கம், நடைமுறையில் மூன்று தலைமுறை இருந்த இடத்தை விட்டுக் குடும்பத்தைப் பெயர்க்கும் மிரட்டலாகவும் ஆகிறது. நகரத்து அளவுகோலால் மட்டும் பார்த்து இதைச் சரி என்று சொல்ல முடியாது.

நட்டஈட்டைக் கணக்கிடும்போதும் இதே சிந்தனை வேண்டும். இலங்கை போக்குவரத்துச் சபை எதிர் விஜேரத்ன வழக்கில் நீதியரசர் வைத்தியலிங்கம், சம்பளத்தை இயந்திரம் போலப் பெருக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது, தொழிலாளியின் வயது, வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு முதலியவற்றையும் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினார். ஜயசூரிய எதிர் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற 1995ஆம் ஆண்டு வழக்கில் நீதியரசர் அமரசிங்க, நட்டஈடு என்பது உண்மையான இழப்பை ஈடுசெய்வது என்பதை விரிவாக ஆராய்ந்தார். ஐம்பது வயதில் கொழுந்து பறிக்கும் கை ஒன்று, வேறு தோட்டம் எடுக்காவிட்டால், எங்கே போகும்? அந்தக் கேள்விக்கான விடை தொகையில் தெரிய வேண்டும்.

பணிக்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள் சம்பளம். குற்றத்துக்காக நீக்கியவருக்கு ஒரு சதமும் இல்லை என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தல், சொத்து இழப்பு ஆகிய காரணங்களுக்காக நீக்கினால் மட்டுமே பறிமுதல். அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. பத்துக் கிலோ கொழுந்துக்காக இருபது ஆண்டுப் பணிக்கொடையைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

கூட்டமாக நீக்குதல்

ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை கொதித்துக்கொண்டிருந்த 2021 பெப்ரவரியில், மஸ்கெலியாப் பிரதேசத்தின் ஓல்டன் தோட்டத்தில் முகாமையாளர் தாக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தொழிலாளர்கள் கைதானார்கள். பின்னர் 38 பேரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. அந்த நாளில் யார் என்ன செய்தார் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அதிலிருந்து எழும் சட்டக் கேள்வியை மட்டும் சொல்கிறேன். கூட்டத்தில் நின்றது வேறு, கை ஓங்கியது வேறு. ஒழுக்கக்கேடு தனிமனிதரின் செயல். 38 பேர் நீக்கப்பட்டால் 38 குற்றச்சாட்டும் 38 நிரூபணமும் வேண்டும். பெயர்ப்பட்டியலை வைத்து மொத்தமாக நீக்குவது சட்டத்தின் பார்வையில் பலவீனமானது. தொழில் உறவின் பார்வையில் பல ஆண்டுகளுக்கு ஆறாத புண்.

புதிய முறைகள், பழைய கேள்வி

அண்மை ஆண்டுகளில் சில கம்பனிகள் தொழிலாளிக்குத் தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கிலோக் கணக்கில் கொழுந்தை வாங்கும் வெளியார் உற்பத்தி முறைக்கு மாறி வருகின்றன. வேலைக்கு உடனே காசு கொடுக்கும் கைக்காசு வேலையும் கூடியிருக்கிறது. நாளை நிலத்தைத் திருப்பி எடுத்தால், நீ எங்கள் தொழிலாளி அல்ல, உனக்கு வேலைநீக்கமே இல்லை என்று சொல்லப்படும். இதற்கு விடை சட்டத்திலேயே உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, வாய்மொழியாகவோ எழுத்திலோ, தானே நேரில் உழைத்துத் தர ஒப்பந்தம் செய்தவரையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. தொழிற்சங்கங்கள் இந்தப் பிரிவை இப்போதே எடுத்து ஆராய வேண்டும். முறை மாறி, கையொப்பம் எல்லாம் வாங்கி முடிந்த பிறகு ஆராய்ந்தால் காலம் கடந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியவை

தொழிலாளிகளுக்குச் சொல்கிறேன். வேலைநீக்கம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் இருக்க வேண்டும். தலைவர் பேசுகிறார், துரை பார்க்கலாம் என்றிருக்கிறார் என்று காத்திருந்தே பலருடைய உரிமை காலாவதியாகிப் போகிறது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், விண்ணப்பமும் போகட்டும். ஒழுக்காற்று வேலைநீக்கத்துக்கான காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம், கண்ட சாட்சிகளின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மன்றத்தில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது.

தொழிற்சங்கங்களுக்குச் சொல்கிறேன். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது உள்ளக விசாரணைக்குக் காட்டுங்கள். குற்றப்பத்திரத்துக்குப் பதில் எழுதத் தெரிந்த ஒருவர், முடிந்தால் பெண்ணொருவர், ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்குச் சொல்கிறேன். குற்றப்பத்திரத்தைத் தமிழில் கொடுங்கள். நாளையும் இடத்தையும் எழுதுங்கள். விசாரிப்பவர் குற்றம் சாட்டியவராக இருக்க வேண்டாம். ஒழுங்காக விசாரித்து நீக்கிய கட்டளை சபையிலும் நிற்கும். அவசரத்தில் கொடுத்த கடிதம் பின்னால் நட்டஈடாகத் திரும்பி வரும்.

சட்டம் ஆக்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். வேலைநீக்க வழக்கு நிலுவையில் இருக்கும்வரை தோட்டக் குடும்பத்தை லயத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்று தெளிவான ஒரு விதியைச் சட்டத்தில் எழுதுங்கள். வீட்டை வேலையிலிருந்து பிரித்து, காணியுறுதியை எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுங்கள். அது நடக்கும் நாளில்தான் மலையகத் தொழிலாளி மற்றத் தொழிலாளியோடு சமமாகத் தொழில் நியாய சபையின் முன் நிற்பார்.

வேலைக்கு ஆள் வைக்கவும் விலக்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் காரணத்தோடும் அளவோடும் பயன்படுத்த வேண்டும் என்று இந்த நாடு 1957இலேயே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவைத் தேயிலை மலையின் கடைசி லயம் வரை கொண்டு சேர்ப்பது இந்த அவையில் இருக்கும் நம் ஒவ்வொருவரின் கடமை.